பாவாதமலை ஏன் அழைக்கிறது?

பம்பலப்பிட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கடல் தெரியும். கிழக்கே தெரிவதெல்லாம் தண்ணீர்த் தாங்கிகளும் மாடிக் கட்டடங்களும்தான். ஆனால் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில், இரவு மழை பெய்து வானம் துப்புரவாக இருக்கும்போது, அந்தக் கட்டடங்களுக்கு மேலே நீல நிறத்தில் ஒரு கூம்பு எழுந்து நிற்கும். வெயில் ஏறியதும் மறைந்துவிடும். சுபஹ் தொழுதுவிட்டு உடுப்புக் காயப்போட மாடிக்கு வரும் என் உம்மும்மாதான் அதை முதன்முதலில் எனக்குக் காட்டினார்.

"அங்க பாரு மகள், பாவாதமலை."

சின்ன வயதில் அவரும் அந்த மலையில் ஏற ஆசைப்பட்டிருக்கிறார். "எங்கட வாப்பா கூட்டிட்டுப் போறேன்டு சொன்னார். பொறகு வாய்க்கவே இல்ல" என்பார். இப்போது அவருக்கு வீட்டு மாடிப்படி ஏறுவதற்கே கைபிடி வேண்டும்.

உயர்தர வகுப்பில் புவியியல் படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இலங்கையில் மிக உயரமான மலை பிதுருதலாகல. அதன் உயரம் 2,524 மீற்றர். பாவாதமலை 2,243 மீற்றர்தான். அப்படியிருக்க, ஆயிரம் வருடங்களுக்கும் மேலாக உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மனிதர்கள் ஏன் இந்த மலையைத் தேடி வந்தார்கள்? இன்றும் ஏன் இலட்சக்கணக்கானோர் நித்திரை விழித்து இதில் ஏறுகிறார்கள்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தேன். கடந்த ஜனவரியில் வாப்பாவுடனும் நாநாவுடனும் ஏறியும் பார்த்தேன். இரண்டிலும் நான் கற்றவற்றைச் சகோதரிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

தனித்து நிற்கும் மலை

இந்த மலைக்குப் பல பெயர்கள். தமிழில் சிவனொளிபாதமலை, சிங்களத்தில் சிறீபாத அல்லது சமனல கந்த, ஆங்கிலேயருக்கு ஆதம் சிகரம், எங்களுக்குப் பாவா ஆதம் மலை. அது பேச்சில் பாவாதமலை ஆகிவிட்டது. உச்சியில் உள்ள பாறையில் பாதம் போன்ற ஒரு பெரிய தடம் இருக்கிறது. அது புத்தருடையது என்று பௌத்தர்களும், சிவனுடையது என்று இந்துக்களும், ஆதம் (அலை) அவர்களுடையது என்று முஸ்லிம்களில் பலரும், புனித தோமாவுடையது என்று கிறிஸ்தவர்களில் சிலரும் நம்பி வந்திருக்கிறார்கள்.

மற்ற உயரமான மலைகள் மத்திய மலைநாட்டின் நடுவில், தங்களைப் போன்ற வேறு மலைகளுக்கிடையே நிற்கின்றன. கூட்டத்தில் நிற்பவர் எவ்வளவு உயரமானாலும் தூரத்திலிருந்து தெரிய மாட்டார். பாவாதமலையோ மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில் தனியாக நிற்கிறது. அதன் கீழே இரத்தினபுரியின் தாழ்நிலம். இரத்தினபுரி நகரத்திலிருந்து சிகரத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். அந்தச் சிறிய தூரத்துக்குள் நிலம் இரண்டாயிரம் மீற்றருக்கும் மேல் எழுந்துவிடுகிறது.

பூமியின் வளைவை வைத்துக் கணக்குப் போட்டால், இந்த உயரமுள்ள சிகரம் தெளிவான வானத்தில் 160 கிலோமீற்றருக்கு அப்பால் கடலில் வரும் கப்பலுக்கும் தெரிய வேண்டும். பம்பலப்பிட்டியிலிருந்து அதன் தூரம் 70 கிலோமீற்றர் அளவுதான். திசைகாட்டியும் வரைபடமும் சரியாக இல்லாத காலத்தில், நாட்கணக்காகத் தண்ணீரையே பார்த்து வந்த மாலுமிக்குக் கரை தெரியுமுன்னே இந்தக் கூம்பு தெரிந்திருக்கும். கி.பி. 851 இல் எழுதப்பட்ட ஓர் அரபு நூல் சரந்தீபின் மலையையும் அதிலுள்ள பாதத்தையும் குறிப்பிடுகிறது. எங்கள் முன்னோரான வணிகர்கள் இந்த நாட்டைக் கண்டபோது முதலில் கண்டது இந்த மலையாக இருக்கலாம் என்று நினைக்கும்போது, மொட்டை மாடிக் காட்சி எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

கல்லின் கதை

மலையில் ஏறுபவர்கள் அதைக் கருங்கல் மலை என்பார்கள். அது தவறல்ல. ஆனால் புவிச்சரிதவியலில் இதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. உருகிய பாறைக் குழம்பு பூமிக்குள்ளே மெதுவாக ஆறி இறுகினால் அது கிரனைட். ஏற்கெனவே இருந்த பாறை, ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் திரும்பவும் வெந்து மாறினால் அது உருமாறிய பாறை. எமது மலைநாட்டில் பெரும்பாலும் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற உருமாறிய பாறைகள். கிரனைட்டில் உள்ள குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் கனிமங்களே இவற்றிலும் உள்ளன. கடினமும் ஏறக்குறைய அதே கடினம்தான். நைஸில் கனிமங்கள் பட்டை பட்டையாக, பாய் பின்னியது போல் ஓடும். அதுதான் அதன் அடையாளம்.

சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த கதை சுவையானது. கொல்கத்தாவில் ஜொப் சார்னொக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறை இருக்கிறது. அதன் மேலுள்ள கல்லை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாறைவகைக்கு அவருடைய பெயரையே வைத்தார். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும் அதே வகைக் கல்லாலானவை. இலங்கையும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒரே பெரிய கண்டமாக ஒட்டியிருந்த காலத்தின் சாட்சிகள் இந்தக் கற்கள்.

எமது மலைநாட்டுப் பாறைகள் இன்றைய வடிவத்துக்கு உருமாறியது சுமார் 55 முதல் 60 கோடி வருடங்களுக்கு முன்பு, இருபது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில். பின்னர் மேலே இருந்தவை அரிக்கப்பட்டு அவை வெளியே வந்தன. மென்மையான பாறையை மழையும் ஆறுகளும் கரைத்துக்கொண்டு போயின. வன்மையான பாறை நின்றது. வெடிப்புகள் வழியே பாளம் பாளமாகக் கழன்று விழுவதால் அதன் பக்கங்கள் சரிவாக இல்லாமல் செங்குத்தாகிவிட்டன. அதனால்தான் கடைசி ஏற்றம் ஏணி போல் இருக்கிறது.

அதே வெப்பமும் அமுக்கமும்தான் நீலக்கல்லையும் ஆக்கின. பாறை அரிபட்டபோது கற்கள் ஆற்றோடு இறங்கி இரத்தினபுரியின் பள்ளத்தாக்குகளில் 'இல்லம்' எனப்படும் சரளை மண்ணில் தங்கின. எம்மில் பலருடைய குடும்பத்தில் மாணிக்க வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் கல்லும் இந்த மலைநாடு தந்ததுதான்.

பத்தாவது சங்கிலி

மலைக்குப் போகப்போகிறோம் என்றதும் உம்மா இரண்டு காரணம் சொல்லித் தடுத்தார். ஒன்று, "பொம்புளப் புள்ள ராவையில மலயேறப் போறதா?" மற்றது, "அது நம்மட எடமா? ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

முதலாவதற்கு வாப்பா, "நானும் நாநாவும் கூடத்தானே போறோம்" என்றார். இரண்டாவது கேள்விதான் என்னைத் தைத்தது. நாங்கள் வழிபடப் போகவில்லை, அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்கப் போகிறோம் என்று வாப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆதம் (அலை) பூமியில் இறங்கிய இடம் எது என்று குர்ஆன் பெயர் சொல்லவில்லை. அது சரந்தீபில் என்ற செய்தியை எழுதி வைத்தவர்கள் பழைய அரபு வரலாற்றாசிரியர்கள். நம்பிக்கை எப்படியிருந்தாலும், இந்த மலையின் பாதையில் முஸ்லிம்களின் காலடி பட்டதில்லையா என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது.

மொரோக்கோ நாட்டின் தன்ஜியரில் பிறந்த இப்னு பதூதா 1344 இல் புத்தளம் பகுதியில் கரையிறங்கினார். அங்கே அவரை வரவேற்ற யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி, வேண்டியதைக் கேளுங்கள் என்றார். ஆதமின் பாதத்தைப் பார்க்க வழி செய்து தந்தால் போதும் என்றார் பதூதா. அரசர் அவருக்குப் பல்லக்குக் கொடுத்தார். நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் உணவு சுமக்கும் ஆட்களும் துணையாக வந்தார்கள். ஒரு முஸ்லிம் பயணியை ஓர் இந்து அரசர் யோகிகளோடு மலைக்கு அனுப்பி வைத்தார். 'அது நம்மட இடமா' என்ற கேள்வி அன்று யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

மலைக்கு இரண்டு பாதைகள் இருந்ததாக அவர் எழுதுகிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. பாபா என்றது ஆதமை, மாமா என்றது ஹவ்வாவை. மாமா பாதை இலேசானது. பாபா பாதை கரடுமுரடானது. திரும்பி வருவதற்கு மாமா பாதை சரி. ஆனால் ஏறுவதற்கும் அதையே எடுத்தவரை யாத்திரை செய்தவராகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். பாறையில் அடிக்கப்பட்ட இரும்புச் சங்கிலிகள் பத்து. அவற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பத்தாவதற்குப் பெயர் ஷஹாதா சங்கிலி. அதை அடைந்து கீழே பார்ப்பவருக்குத் தலை சுற்றும், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாய் தானாகவே கலிமாவைச் சொல்லும் என்பதால் அந்தப் பெயர். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவும் சங்கிலிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

இதை வாசித்தபோதுதான் என் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. மலை கடினமாக இருந்தும் அவர்கள் வந்தார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அது கடினமாக இருந்ததற்காகவே வந்தார்கள்.

இருட்டில் ஐயாயிரத்து ஐந்நூறு படிகள்

உந்துவப் போயா முதல் வெசாக் போயா வரை, அதாவது டிசம்பரிலிருந்து மே வரை, மலைக்குரிய பருவம். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் அதிகம், பாதையில் வெளிச்சமும் இராது. ஹட்டன், இரத்தினபுரி, குருவிட்ட எனப் பல பக்கங்களிலிருந்து பாதைகள் உண்டு. நாங்கள் ரயிலில் ஹட்டனுக்குப் போய், பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்றோம். இரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம்.

இப்போது சங்கிலி பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. நல்லதண்ணிப் பக்கம் ஏறக்குறைய 5,500 படிகள். உயரம் சுமார் ஆயிரம் மீற்றர். ஒரு படிக்குச் சராசரியாக 18 சென்ரிமீற்றர் என்று நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். கணக்கு இலகு, கால்தான் கேட்கவில்லை. ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும் என்று படித்ததை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். பம்பலப்பிட்டியில் மின்விசிறி போட்டுத் தூங்கும் நேரத்தில் மேலே பத்துப் பாகைக்குக் கிட்ட நின்றது. காற்றழுத்தமும் கடல் மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்களவுதான். மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எதிரே இறங்கி வருபவர்கள் எங்களைப் பார்த்து "கருணாவை" என்றார்கள். கருணை உண்டாகட்டும் என்று ஒருவரை ஒருவர் வாழ்த்துவது இந்த மலையின் வழக்கம். என் தலையில் இருந்த முக்காட்டைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையை விழுங்கிக்கொள்ளவில்லை.

கடைசி ஏற்றத்தில் எனக்குக் கால் நடுங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். விளக்குகள் நேர் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. என்னையறியாமல் கலிமா வாயில் வந்தது. அப்போதுதான் பத்தாவது சங்கிலி நினைவுக்கு வந்து பயத்துக்குள்ளும் சிரித்தேன். பக்கத்தில் வெள்ளை உடுத்த ஒரு சிங்கள ஆச்சி, உம்மும்மாவின் வயதிருக்கும், செருப்பில்லாமல் பேரனின் தோளைப் பிடித்து நின்றார். என்னைப் பார்த்து "ஹெமின் துவே, ஹெமின்" என்றார். மெதுவாக மகள், மெதுவாக. அவர் ஐந்து படி ஏறி நின்றார். நானும் ஐந்து படி ஏறி நின்றேன். அப்படியே இருவரும் மேலே போனோம்.

சுபஹ் நேரம் வந்தபோது ஒரு தேநீர்க் கடையில் வுழூ செய்யத் தண்ணீர் கேட்டோம். கடைக்காரப் பெண் கேத்தலிலிருந்து வெந்நீரைக் கலந்து தந்தார். வாங்கை நகர்த்தி இடம் விட்டார். நாங்கள் தக்பீர் கட்டியபோது வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். அவர் அதைப் பெரிதாக எண்ணிச் செய்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது பெரிதாக இருந்தது. உம்மாவின் இரண்டாவது கேள்விக்கு அந்தக் கடையிலேயே விடை கிடைத்துவிட்டது.

நிழல்

சூரியன் கிழக்கே எழுந்ததும் எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். கீழே மூட்டத்தின் மேல் மலையின் நிழல் விழுந்திருந்தது. கூர்மையான, அளவெடுத்து வெட்டியது போன்ற ஒரு முக்கோணம். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் அப்படி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. எந்த வடிவ மலையின் நிழலும் உச்சியில் நின்று பார்ப்பவருக்கு முக்கோணமாகத்தான் தெரியும். பம்பலப்பிட்டி ரயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். சமாந்தரமான இரண்டு கம்பிகளும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போல் தெரியும். மிக நீண்ட நிழலின் இரு ஓரங்களும் அப்படித்தான் சேர்கின்றன. ரல்ப் அபர்குரொம்பி என்ற வானிலை அறிஞர் 1880களில் இந்த நிழலை ஆராய்வதற்காகவே மலையேறினார்.

நிழல் எவ்வளவு நீளம்? சூரியன் அடிவானத்துக்கு மேலே இரண்டு பாகை உயர்ந்திருக்கும்போது கணக்கின்படி 60 கிலோமீற்றருக்கும் மேல். அதற்குச் சூரிய உதயத்திலிருந்து எட்டு நிமிடம் போதும். நாற்பது நிமிடத்தில் நிழல் பதின்மூன்று கிலோமீற்றருக்குள் சுருங்கிவிடும். ஜனவரியில் அது விழும் திசை ஏறக்குறைய கொழும்பின் திசை. கைத்தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தேன். உம்மும்மா மொட்டை மாடியில் நின்றார்.

"உம்மும்மா, மலை தெரியுதா?"

"நல்லாத் தெரியுது மகள். நீ எந்தப் பக்கம் நிக்கிற?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் அறுபது வருடமாகப் பார்த்து நின்ற இடத்திலிருந்துதான் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

இறங்கிய பிறகு

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் நோகும். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் அவற்றில் நுண்ணிய காயங்கள் உண்டாகின்றன. மறுநாள் படியிறங்க முடியாமல் போவதற்கு அதுதான் காரணம். இரண்டு மூன்று நாளில் தானாகச் சுகமாகும்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். நீண்ட விடுமுறை, போயா நாட்களைத் தவிர்த்தால் நெரிசல் குறையும். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து, காலில் தட்டாத தளர்ந்த உடை, குளிருக்கு ஒரு மேலுடை, தண்ணீர், கொஞ்சம் பேரீச்சம்பழம் போதும். அவசரம் வேண்டாம். இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இந்தக் காடு 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கும் மேலே, களனி கங்கை, களு கங்கை, வளவை கங்கை ஆகிய மூன்றுக்கும் இந்த மலைக்காட்டிலிருந்து நீர் போகிறது. கொழும்பு குடிக்கும் நீரில் பெரும்பங்கு களனியின் நீர். மலையில் நாங்கள் எறிவது எங்கள் குழாய்க்கே வந்து சேரும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு நீங்கள் பயப்படுவது அன்பினால்தான் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஐயாயிரத்து ஐந்நூறு படியில் ஒரு படியைக்கூட வாப்பாவோ நாநாவோ எனக்காக ஏறித் தரவில்லை. அவர்கள் கூட நின்றார்கள், நான் ஏறினேன். பரீட்சையிலும் பிறகு வாழ்க்கையிலும் எங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஏன் இந்த மலை அழைக்கிறது என்ற என் கேள்விக்கு மறுபாதி விடையும் இதுவே. தூரத்திலிருந்து எல்லோருக்கும் தெரியும் மலை இது. ஆனால் அவரவர் காலால்தான் போய்ச் சேரலாம்.

உம்மும்மா இன்னும் காலையில் மாடிக்கு வருகிறார். மலை தெரிந்தால் என்னையும் கூப்பிடுகிறார். உம்மா அடுத்த பருவத்தில் வருவதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மொத்தம் எத்தனை படி என்று இதுவரை இரண்டு தடவை கேட்டுவிட்டார்.